பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போகுமுன்



இந்த மாதம் உங்களுக்கு ஒரு சாட்சியை எழுதுகிறேன். சாட்சி என்றால் ஜெயம் பெற்றதைச் சொல்லுவதே நம்முடைய வழக்கம். இதுவோ நான் தவறிப்போனதைப் பற்றிய சாட்சி. இருபது வருஷங்களுக்கு மேலாக இது என் உள்ளத்தில் பாரமாகக் கிடக்கிறது. நான் செய்த அதே தவறை, அதே நல்லெண்ணத்தோடு, இன்றும் நகரங்களிலுள்ள நம் சபைகள் செய்துவருவதைக் காண்கிறேன். ஆகையால் இனியும் மௌனமாயிருப்பது சரியல்ல என்று உணர்ந்து எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எழுதும்படி அனுமதித்திருக்கிறார்கள். பெயர்களைமட்டும் தவிர்த்திருக்கிறேன்.

நான் எழுதிய ஒரு கடிதம்

வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து, 1994ஆம் ஆண்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினேன். தாராவியில் ஒரு சிறிய அறை கிடைத்தது. மும்பைத் தமிழர் அதைக் ‘கோலி’ என்பார்கள். அதில் பகலில் ஜெபக்கூட்டம், இரவில் உறக்கம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்த குடும்பங்களே எங்கள் சபை. தோல் பட்டறையில் வேலை செய்கிறவர்கள், விடியுமுன் இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்புகிற சகோதரிகள், தையல் வேலைக்காரர்கள், வீட்டு வேலைக்குச் செல்லுகிறவர்கள். எல்லாரும் உழைப்பாளிகள். எல்லாருக்கும் ஊரில் கடன் இருந்தது.

2002ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் சபையில் ஒரு சகோதரர் காசநோயால் மரித்தார். அவருடைய மனைவிக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. அந்தச் சகோதரி மாட்டுங்கா பகுதியில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து வந்தார். அடக்க ஆராதனை முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை என்னிடம் வந்தார்.

“ஐயா, ஆறு மாதத்துக்கு வாடகைப் பணம் அறுநூறு ரூபாயைச் சபை கொடுத்துதவினால் போதும். அதற்குள் இன்னும் இரண்டு வீடு பிடித்துவிடுவேன். சாயங்காலம் நான் திரும்பி வரும்வரை பிள்ளைகளை யாராவது ஒரு அம்மா பார்த்துக்கொண்டால், கர்த்தர் அவர்களை ஆசீர்வதிப்பார்” என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். தம்முடைய தேவையையும், அதின் அளவையும், எத்தனை நாள் என்பதையும் தெளிவாய் அறிந்து கேட்டார். அந்தத் தெளிவு எனக்கு இல்லாமற்போயிற்று. மூப்பர்களோடு பேசினேன். மாதாமாதம் ஒருவருக்குக் கொடுக்க ஆரம்பித்தால் பிறரும் கேட்பார்களே என்று ஒருவர் சொன்னார். தாய் வேலைக்குப் போய்விட்டால் பையன் சந்துகளில் சுற்றிக் கெட்டுப்போவான் என்று மற்றொருவர் சொன்னார். தமிழ்நாட்டின் தென்பகுதியில் ஒரு சிறுவர் இல்லத்தைத் தமக்குத் தெரியும் என்று மூன்றாமவர் சொன்னார். அங்கே சாப்பாடு, துணி, படிப்பு, காலை மாலை ஜெபம் எல்லாம் உண்டு. எனக்கு அது தேவ ஏவுதலாகவே தோன்றியது.

அந்தச் சகோதரி அழுதார். மூன்று நாள் கழித்து, “ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று ஒப்புக்கொண்டார். சபையின் கடிதத் தாளில் நானே சிபாரிசுக் கடிதம் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை வைத்தேன். தாதரில் ரயில் புறப்படும்போது சிறுமி தாயிடம், “எத்தனை நாள்?” என்று கேட்டாள். “பத்து நாள்” என்றார் தாய். நான் அருகில் நின்றேன். அது உண்மையல்ல என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த இல்லத்துக்குப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் வீதம் ஆயிரம் ரூபாய் அனுப்பச் சபை மகிழ்ச்சியோடு முன்வந்தது. முதல் ஞாயிறு காணிக்கையில் அதற்கென்று ஒரு தனி உறை வைத்தோம். இல்லத்திலிருந்து வந்த புகைப்படத்தைச் சபையில் காட்டினோம். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அவன் கேட்ட கேள்வி

2011ஆம் ஆண்டு மகனுக்குப் பதினெட்டு வயதாயிற்று. இல்லத்தைவிட்டு மும்பைக்கு வந்தான். தாய் அவனை என்னிடம் அழைத்துவந்தார். வளர்ந்த பிள்ளை, அடக்கமான பேச்சு. இல்லத்தில் யாராவது கொடுமை செய்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள், யாரும் கெட்டவர்கள் அல்ல என்றான். பிறகு சொன்னான்: “மணி அடித்தால் எழும்புவோம், மணி அடித்தால் சாப்பிடுவோம், மணி அடித்தால் படுப்போம். காய்ச்சல் வந்தாலும் மணிதான் எழுப்பும். இப்போது அம்மாவோடு ஒரே அறையில் இருக்கிறேன். என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.”

சற்றுநேரம் கழித்து என்னைப் பார்த்துக் கேட்டான்: “ஐயா, அறுநூறு ரூபாய் இல்லை என்றுதானே எங்களை அனுப்பினீர்கள்? எங்களுக்காக அங்கே மாதம் எவ்வளவு அனுப்பினீர்கள்?”

“தம்பி, ஐயாவை அப்படிக் கேட்காதே” என்று தாய் தடுத்தார். நான் பதில் சொல்லவில்லை. அன்று இரவு சபையின் கணக்குப் புத்தகங்களை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அந்தச் சகோதரி எங்களிடம் கேட்டது ஆறு மாதத்துக்கு 3,600 ரூபாய். ஒன்பது வருஷங்களில் நாங்கள் அனுப்பியது 1,08,000 ரூபாய்.

வாசகர்களே, எங்களிடம் பணம் இல்லாமலில்லை. பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதற்குக் கொடுக்க மனமிருந்தது. தாயோடு சேர்த்து வைப்பதற்குக் கொடுக்க மனமில்லாதிருந்தது. ஏன் என்று என்னையே சோதித்துப் பார்த்தேன். இல்லத்துக்குக் கொடுத்தால் ரசீது வரும், புகைப்படம் வரும், ஆண்டறிக்கையில் பெயர் வரும். ஒரு விதவையின் வாடகையைச் செலுத்தினால் ஒன்றும் வராது. இப்படி எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது.

மகள் இன்று நாகர்கோவிலில் செவிலியராக இருக்கிறாள். பண்டிகை நாட்களில் தாய்க்குத் தொலைபேசியில் பேசுகிறாள். இரண்டு நிமிஷத்துக்குமேல் பேச்சு நீளுவதில்லை என்று தாய் சொல்லுகிறார். நான் அவரிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். “நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தீர்கள் ஐயா” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

எலிசா அந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகவில்லை

அதற்குப்பின் நான் நெடுநாள் தியானித்த பகுதி 2 இராஜாக்கள் நான்காம் அதிகாரம். எண்ணெய் பெருகிய அற்புதத்தைக் குறித்து நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் அது எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று கவனித்திருக்கிறோமா? கணவனை இழந்த ஒரு ஸ்திரீ. கணவர் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவர். அதாவது ஒரு ஊழியக் குடும்பம். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். வறுமையினால் பிள்ளைகள் வீட்டைவிட்டுப் பிரியப்போகிற நேரம் அது.

எலிசா நினைத்திருந்தால் அந்த இரண்டு பிள்ளைகளையும் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தில் சேர்த்து வளர்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தான் என்ன செய்யவேண்டும் என்று அவளிடத்திலேயே கேட்டார். பிறகு, வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவளிடம் இல்லாததைக் கணக்கெடுக்காமல் இருப்பதிலிருந்து தொடங்கினார். அயலகத்தார் செய்ய வேண்டியிருந்தது வெறும் பாத்திரங்களை இரவல் கொடுப்பதுமட்டுமே. பாத்திரங்களைத் தாயிடம் எடுத்துக்கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகளே. முடிவில் கடனும் தீர்ந்தது, மீதியைக்கொண்டு குடும்பம் பிழைத்தது. பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளும்படி எலிசா சொன்னார். அந்தக் குடும்பத்தின் வறுமையும் அதற்குக் கிடைத்த உதவியும் தெருவுக்குக் காட்சிப்பொருளாகவில்லை. நாமோ ஐந்து கிலோ அரிசி கொடுத்தாலும் மேடைக்கு அழைத்துப் படம் எடுக்கிறோம்.

மோசேயின் தாயை நினைத்துப் பாருங்கள். பார்வோனின் குமாரத்தி அந்தக் குழந்தையை வளர்க்கும்படி, அவள் தாய் என்று அறியாமலே, பெற்ற தாயிடத்திலேயே கொடுத்து, அதற்குச் சம்பளமும் கொடுத்தாள். தாய் தன் பிள்ளையைத் தன் வீட்டிலேயே வளர்ப்பதற்கு அரண்மனையிலிருந்து பணம் வந்தது.

சட்டம் சொல்லுவது என்ன?

அப்படிப்பட்ட ஏற்பாடு இன்றைக்கு நம் தேசத்தின் சட்டத்திலும் இருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியோம். இளைஞர் நீதிச் சட்டம் 2015இல் இயற்றப்பட்டு, 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையிலிருக்கிறது. பிள்ளையைப் பராமரிக்கும் முதற்பொறுப்பு குடும்பத்துக்கே உரியது, இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி நடவடிக்கை என்று அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகள் கூறுகின்றன. தமிழ்நாட்டிலுள்ள சிறுவர் இல்லங்களில் நடந்த கொடுமைகளைக் குறித்து 2007இல் தொடங்கிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2017 மே 5இல் அளித்த தீர்ப்பும் இல்லத்தில் வைப்பது ஒன்றே வழி என்று எண்ணக்கூடாது என்று வலியுறுத்தியது. நம்முடைய தென்மாவட்டங்களிலே நம்மவர்கள் நடத்திவந்த இல்லங்களும் அந்த வழக்கில் பேசப்பட்டன என்பதை நாம் தாழ்மையோடு நினைவுகூர வேண்டும்.

பாதுகாப்பற்ற நிலையிலுள்ள ஒரு பிள்ளை கண்டெடுக்கப்பட்டால், பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளை குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்பட வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது அக்குழு. வீட்டு நிலைமையை விசாரித்து அறிக்கை பெற்று, நான்கு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். அக்குழு நமக்குப் பகையல்ல. ஆபத்திலிருக்கும் பிள்ளைக்கு அது அரண். ஆயினும் வீட்டு வாடகையும், பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் இருந்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஒரு காரியம் அந்த மேசைவரை போவானேன்? அந்த நான்கு மாதம் ஒரு ஆறு வயதுக் குழந்தைக்கு எவ்வளவு நீளமானது!

அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு, பிள்ளை குடும்பத்திலேயே வளருவதற்கு நிதியுதவி அளிக்க வழிசெய்கிறது. தாய் விதவையாகவோ, விவாகரத்து ஆனவராகவோ, கைவிடப்பட்டவராகவோ இருந்தால், பெற்றோரில்லாத பிள்ளை உறவினரோடு வாழ்ந்தால், பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் அல்லது விபத்தினால் செயலற்றுப்போனால் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ், 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். நகரப்பகுதியில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கு உட்பட்டிருக்க வேண்டும். மகாராஷ்டிராவில் மாநில அரசின் பால சங்கோபன் திட்டமும் உண்டு. அதின் தொகை 2023இல் மாதம் 2,250 ரூபாயாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பித்த மறுநாளே பணம் வந்துவிடாது. அது வரும்வரை தாங்கவேண்டியது யார்? அந்த இடத்தில்தான் சபை நிற்க வேண்டும்.

சிறுவயதில் குடும்பம் எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு சான்று சொல்லுகிறேன். ருமேனியா தேசத்தில் 2000ஆம் ஆண்டு, அரசு இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அவர்களில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு அறிவு வளர்ச்சியும், பிறரோடு ஒட்டி உறவாடும் தன்மையும் மேலாயிருந்தன. எவ்வளவு சிறுவயதில் குடும்பத்துக்குள் வந்தார்களோ அவ்வளவு நலமாயிருந்தது. அதை வாசித்தபோது அந்தத் தம்பி சொன்ன மணிச்சத்தம் என் காதில் கேட்டது.

இரண்டாவது குடும்பம்

2021ஆம் ஆண்டு. கொரோனா ஊரடங்கு தளர்ந்த காலம். எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று வாரம் வரவில்லை. அவள் வகுப்பு ஆசிரியையான சகோதரி, வருகைப் பதிவேட்டில் குறி போட்டுவிட்டு இருந்துவிடாமல், வீட்டைத் தேடிப் போனார். அறை வெளியே பூட்டியிருந்தது. உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

தகப்பன் ஒரு சட்டைக் கம்பெனியில் தையல் வேலை செய்தவர். 2020இல் வேலை போயிற்று. வீட்டுச் செலவுக்கு நாள்வட்டிக்குக் கடன் வாங்கினார். பிறகு குடிக்க ஆரம்பித்தார். தாய் காலையில் வேலைக்குப் போகும்போது, மூத்தவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, இரண்டு தம்பிமாரோடு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். அக்கம்பக்கத்தார் புகார் செய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தாயை மனமிரங்காதவள் என்று அவர்கள் எண்ணினார்கள். திறந்து வைத்துவிட்டுப் போக அவருக்குப் பயம், அவ்வளவே.

அந்தச் சகோதரி மாலையில் மறுபடியும் போனார். புத்தி சொல்லவில்லை. தாயோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுத்தார். மூன்றாம் முறை போனபோது அந்தத் தாய் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு நாங்கள் எலிசாவைப்போல, “நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டோம். அவர் சொன்ன முதல் காரியம் பணமல்ல. “பகலில் சின்னவர்களை யாராவது பார்த்துக்கொண்டால் போதும்” என்றார். 2002இல் நான் கேட்டும் கேளாமற்போன அதே வார்த்தை.

அதே சந்தில் எங்கள் சபையின் வயதான தாயார் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் ஊரில், தனிமையாய் வாழ்ந்தவர். அவர் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு அரிசியும் பருப்பும் சபை கொடுத்தது. சிறுமியை மாநகராட்சிப் பள்ளியில் திரும்பச் சேர்த்தோம். ஆறு முதல் பதினான்கு வயதுவரை இலவசக் கல்வி அவள் உரிமையென்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. ஊரில் அவர்களுக்கு ரேஷன் அட்டை இருந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டையானால், ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ ஏற்பாட்டில் மும்பையிலும் தானியம் வாங்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அன்றுதான் தெரியவந்தது. கடன்காரரிடம் நான்கு சகோதரர்கள் சேர்ந்து போய்ப் பேசி, அசலைத் தவணையில் கட்டுவதாக முடிவுசெய்தார்கள். நான்கு பேர் வந்து நின்றதைப் பார்த்ததும் அவர் பேச்சின் தொனியே மாறிற்று.

தகப்பனோடு நான் நடந்தேன். அரசு மருத்துவமனையில் குடிநோய்க்குச் சிகிச்சை ஏற்பாடாயிற்று. நாங்கள் உபவாசித்து ஜெபித்தோம், அவர் மருந்தும் சாப்பிட்டார். இரண்டு முறை மறுபடியும் விழுந்தார். இரண்டாம் முறை விழுந்தபோது சபையில் சிலர் சலித்துக்கொண்டார்கள். அப்போதும் அந்த வயதான தாயார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதை நிறுத்தவில்லை. பதினான்கு மாதத்தில் சபைக்கு ஆன செலவு ஏறக்குறைய 38,000 ரூபாய். அந்தக் குடும்பம் இன்றும் வறிய குடும்பந்தான். ஆனால் மூத்த மகள் 2024இல் பத்தாம் வகுப்புத் தேறினாள். மூன்று பிள்ளைகளும் இரவில் தங்கள் தாயின் பக்கத்தில் படுத்து உறங்குகிறார்கள்.

முந்தி அறிவது எப்படி?

நம்முடைய கிராமத்தில் ஒரு தாய்க்குக் காய்ச்சலென்றால் பிள்ளை பெரியம்மா வீட்டில் சாப்பிடும், ஆச்சியின் முந்தானையில் தூங்கும். யாரும் அதை உதவி என்று சொல்லமாட்டார்கள். பிழைப்புக்காக ரயிலேறியபோது நாம் பெட்டி படுக்கையைக் கொண்டுவந்தோம், ஆச்சியைக் கொண்டுவர முடியவில்லை. மும்பையானாலும், பெங்களூரானாலும், டெல்லியானாலும், சூரத்தானாலும் இதே நிலைதான். ஒரு மாத வாடகை தவறினால் தாங்கிப்பிடிக்க ஒருவருமில்லை. அந்த இடத்தில் பெரியம்மாவாகவும் சித்தப்பாவாகவும் இருக்கவே தேவன் நகரத்தில் ஒரு சபையை வைத்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் நம் சபைகளில் ஒரு தடை இருக்கிறது. “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், “கர்த்தருடைய கிருபையால் சுகம்” என்பதே பதில். அடுப்பு எரியாத வீட்டிலிருந்து வந்தவரும் அதையே சொல்லுவார். ஜெயத்தைமட்டும் சொல்லக் கற்றுக்கொடுத்த நாமே அதற்குக் காரணம். குறைவைச் சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்களே என்று பயப்படுகிறார்கள். ஆகையால் அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் சில அடையாளங்களை நாம் கவனிக்க வேண்டும். காணிக்கைப் பை வரும் நேரத்தில் வெளியே போகிற சகோதரி. திடீரென்று ஆராதனைக்கு வருவதை நிறுத்திய குடும்பம். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டே திரிகிற மூத்த பிள்ளை. அடிக்கடி அறை மாறுகிறவர்கள். பிரசவமாகி ஊரிலிருந்து யாரும் துணைக்கு வராத தாய். இவர்களைத் தேடிப் போங்கள். கண்டிக்கப் போகவேண்டாம், கூட இருக்கப் போங்கள்.

ஒவ்வொரு சபையும் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. வாடகை, பள்ளிச் செலவு, மருந்து இவற்றுக்கென்று ஒரு சிறு நிதியை ஒதுக்கி, இரண்டு நம்பிக்கையான மூப்பர்களும் ஒரு சகோதரியும் பெயர் வெளியிடாமல் கொடுக்கட்டும். பகலில் வீட்டிலிருக்கும் வயதான தாய்மாரில் இரண்டொருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். படித்த வாலிபர்கள் ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விண்ணப்பங்கள் எழுதிக்கொடுக்கட்டும். பிறப்புச் சான்று, ஆதார், தகப்பனுடைய மரணச் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு இவை இல்லாததினால் நம் மக்கள் இழந்த உதவிகள் ஏராளம். ஒவ்வொரு குடும்பமும் இவற்றை ஒரு பையில் போட்டு வைக்கும்படி போதகர்கள் பிரசங்கபீடத்திலிருந்தே சொல்லலாம்.

மறைக்கக்கூடாதது

இங்கே ஒரு எச்சரிப்பையும் எழுதியாக வேண்டும். குடும்பத்தைக் காப்பதென்றால் குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமையை மூடிவைப்பதென்று யாரும் எண்ணவேண்டாம். வறுமை வேறு, வன்கொடுமை வேறு. பிள்ளையின் சரீரத்தில் காயம் கண்டால், பாலியல் தீங்கு நடந்ததாக அறிந்தால், சபையின் நற்பெயர், குடும்பத்தின் மானம் என்று பேசுவது பாவம். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி, பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். போதகர்களுக்கும் அதில் விலக்கில்லை. 1098 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. 1996இல் இதே மும்பையில் தொடங்கி, இன்று தேசமெங்கும் அரசின் பொறுப்பில் நடைபெறும் உதவி எண் அது. ஆபத்திலிருக்கும் பிள்ளைக்காக அதை அழைக்கத் தயங்காதீர்கள். யாருமற்ற பிள்ளைகளுக்கு நல்ல இல்லங்களும் தேவையே. அவை சட்டப்படி பதிவு பெற்றவையா என்று பார்த்தே ஆதரவு கொடுங்கள்.

ஆனால் தாயிருந்தும், அன்பிருந்தும், பணமொன்று குறைவுபட்டதினாலேயே ஒரு பிள்ளையை அனுப்பும்படி நேரிட்டால், கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே மாதம் எவ்வளவு அனுப்பப்போகிறோம்? அதையே, அல்லது அதில் பாதியை, இந்தத் தாயின் கையில் கொடுத்தால் என்னவாகும்? 2002இல் இந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால், அந்தத் தாயும் மகளும் இன்று இரண்டு நிமிஷத்துக்குமேல் பேசியிருப்பார்கள்.

அந்தத் தம்பிக்கு இப்போது விவாகமாகி ஒரு குழந்தை இருக்கிறது. எங்கள் சபையின் வாடகை நிதிக்கு அவன் மாதந்தோறும் அறுநூறு ரூபாய் கொடுக்கிறான். உறையின்மேல் பெயர் எழுதுவதில்லை. தொகையைப் பார்த்தே எனக்குத் தெரியும்.

பிரியமானவர்களே, இந்த இதழை மூடிவைக்குமுன் உங்கள் சந்தில், உங்கள் மாடிப்படியில், உங்கள் சபையின் கடைசி வரிசையில் இருக்கிற ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இந்த வாரத்தில் ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஏதாகிலும் கையில் கொண்டுபோங்கள், அதிகம் பேசாதீர்கள், என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். சிறு பிள்ளைகளைத் தம் அருகே அழைத்தணைத்த ஆண்டவர், அவர்களை அவரவர் தாயின் அருகே காத்துக்கொள்ளும் கிருபையை நம் சபைகளுக்குத் தருவாராக. ஆமென்.